யாளிக்கு எத்தனை புள்ளி? டேபிள்டாப் ஆட்டங்களில் ஏவல் உயிர்களும் விதிக் குழப்பமும்

வார இறுதி மாலைகளில் பெங்களூரின் போர்டு கேம் கஃபேக்களிலும் அடுக்ககங்களின் வரவேற்பறைகளிலும் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ‘பாத்ஃபைண்டர்’ போன்ற ஆட்டங்களை ஆடுகிறார்கள். விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கும். வாக்குவாதம் தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி என்று எது வாய்க்கிறதோ அதில் நடக்கும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தவர்கள் திரும்பிப் போகும் நேரத்தையும் கணக்கிட்டே உட்கார்வார்கள். கையில் இருப்பது மூன்று, நான்கு மணி நேரம்தான். நான் ஆடிய மேசைகளில் அந்த நேரத்தை அதிகம் விழுங்கியது சண்டையோ புதிரோ இல்லை. ஆடுபவர் ஒருவர் மந்திரத்தால் வரவழைத்து, தன் விருப்பப்படி வடிவமைத்துக்கொள்ளும் துணை உயிர்தான். அது எப்போது ஆடும், யார் சொல்லி ஆடும், எத்தனை முறை தாக்கும், செத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளில் ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

இதை நூலாசிரியர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியவில்லை. ஐம்பது ஆண்டு விதிநூல் வரலாற்றைப் புரட்டினால், தேர்ந்த வடிவமைப்பாளர்கள் பதிப்புக்குப் பதிப்பு இதே இடத்தில் தடுமாறியிருப்பது தெரிகிறது. திருத்தினார்கள், திருத்தியதை மறுபடி திருத்தினார்கள். காரணம் இந்த உயிரின் இயல்பிலேயே இருக்கிறது. அது ஒருவருடைய கற்பனை. மேசையில் இருக்கும் அனைவருடைய நேரம். ஆட்டத்தின் பலச் சமநிலையில் ஒரு கனம். இந்த மூன்றையும் ஒரே புள்ளிக் கணக்கில் வைத்து அளந்ததுதான் குழப்பத்தின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முறை என்னும் செல்வம்

இவ்வகை ஆட்டங்களின் தொடக்கம் 1974. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அந்த ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் எதிரிகளையும் நடத்துகிறார். என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. சண்டை வந்துவிட்டால் எல்லோரும் முறை வைத்து ஆட வேண்டும். ஒரு முறைக்கு இவ்வளவுதான் செய்யலாம் என்று கணக்கு உண்டு.

இந்த ஆட்டத்தில் தங்கத்தைவிட, மந்திரவாளைவிட மதிப்புள்ளது இந்த முறைதான். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் மட்டும் ஒரு சுற்றில் இரண்டு முறை ஆடினால், அவர் மற்றவர்களைவிடப் பலசாலி. அதைவிட முக்கியம், மற்ற மூவரும் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். துணை உயிரைக் கொண்டுவருபவர் கொண்டுவருவது இரண்டாவது உடலை மட்டுமல்ல, இரண்டாவது முறையையும்.

வேதாளம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள்

ஏவல் உயிர் நமக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் சுமந்த வேதாளத்தைப் பல தலைமுறைக் குழந்தைகள் ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கரின் சித்திரத்தோடு பார்த்து வளர்ந்தார்கள். மூலக்கதைத் தொகுதி பழையது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தின் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகர’த்தில் அது இடம்பெற்றிருக்கிறது. கதையின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். மன்னன் வாய் திறக்காதவரை வேதாளம் தோளில் இருக்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். எதனால் கட்டுப்படுகிறது, எப்போது கட்டு அறுகிறது, எஜமானன் தரும் விலை என்ன என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்கிறது. கேரளத்தின் குட்டிச்சாத்தான் நம்பிக்கையிலும் ஏவுபவனுக்கு ஆபத்து உண்டு. நம் கதைகளில் ஏவல் ஒருபோதும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

விதிநூல்களும் இதே மூன்றுக்கு விடை தேடின. 2003இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பு இரண்டு வகைகளைப் பிரித்தது. ஒன்றில் உயிர் உண்மையிலேயே வந்துசேர்கிறது, கொல்லப்பட்டால் செத்துப்போகும். இன்னொன்றில் அது தற்காலிகமாகத் தோன்றுகிறது. வீழ்ந்தால் மறைந்துவிடும், தன் இடத்தில் மறுபடி உருக்கொள்ள 24 மணி நேரம் ஆகும். இரண்டாம் வகை உயிர் தன் பங்குக்கு இன்னொரு உயிரை வரவழைக்கக் கூடாது என்றும் தடை போட்டார்கள். ஏவல் ஏவலை ஏவத் தொடங்கினால் முடிவே இருக்காது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய நல்ல விதி அது.

ஆனால் இந்த உயிர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓநாய் என்றால் நூலில் உள்ள ஓநாய். தனக்கென ஒன்றை வடிவமைக்கும் ஆசைக்கு அதே பதிப்பின் 2004ஆம் ஆண்டு உளசக்தி நூல் ஒரு வழி திறந்தது. ‘ஆஸ்ட்ரல் கன்ஸ்ட்ரக்ட்’ என்ற சக்தியால் உருவாகும் உயிருக்கு ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள். உயிரின் தரத்துக்கு ஏற்ப ஒரு பட்டியலிலிருந்து ஒரு திறனைத் தேர்ந்துகொள்ளலாம். தேர்வு சிறியது என்பதால் குழப்பமும் சிறியதாகவே இருந்தது.

2010: ஐடோலன்

பெரிய கதவைத் திறந்தது பெய்சோ நிறுவனம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 விதிகளைத் திறந்த உரிமத்தின் கீழ் எடுத்து வளர்த்து, 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடு’ நூலில் சம்மனர் என்ற பாத்திர வகை அறிமுகமானது. சம்மனரின் துணை உயிருக்கு ஐடோலன் என்று பெயர். இருவர் நெற்றியிலும் ஒரே சின்னம் ஒளிரும். ஒரு நிமிடச் சடங்கில் அது வரும். சம்மனர் தூங்கினாலோ நினைவிழந்தாலோ போய்விடும். இருவருக்கும் இடையே தூரம் கூடக்கூட அதன் உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) குறையும்: 100 அடி தாண்டினால் பாதி, 1,000 அடி தாண்டினால் கால், 10,000 அடி தாண்டினால் மறைந்தேவிடும். கட்டு, முறிவு, விலை மூன்றையும் கதைக்குப் பொருந்தும்படி அழகாகவே எழுதியிருந்தார்கள்.

சிக்கல் உடலை வடிவமைக்கும் பகுதியில் தொடங்கியது. இருகாலி, நான்குகாலி, பாம்புடல் என்று அடிப்படை வடிவம் மூன்று. அதன்மேல் எவல்யூஷன் எனப்படும் திறன்களைப் புள்ளி கொடுத்து வாங்கவேண்டும். ஒவ்வொன்றின் விலையும் ஒன்றிலிருந்து நான்கு புள்ளி. பாத்திரத்தின் முதல் வளர்ச்சிப் படியில், அதாவது முதல் லெவலில், கையில் 3 புள்ளி. 20ஆம் லெவலில் 26. புள்ளி கொடுத்துத் திறன் வாங்கும் முறை 1981இன் ‘சாம்பியன்ஸ்’, 1986இன் ‘கர்ப்ஸ்’ ஆட்டங்களிலேயே இருந்தது. அங்கே ஆட்டம் முழுவதும் அந்த ஒரே கணக்கில் ஓடும். பாத்ஃபைண்டரிலோ மற்ற பாத்திரங்கள் ஒரு முறையில் வளர, ஐடோலன் மட்டும் வேறு முறையில் வளர்ந்தது.

ஒரு யாளியை உருவாக்கிப் பார்த்தால் இது விளங்கும். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களிலும் மதுரையிலும் நாம் பார்க்கும் யாளி: சிங்க உடல், யானைத் துதிக்கை, பாயும் தோற்றம். நான்குகாலி வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். நான்கு கால்களும் ஒரு கடியும் இலவசம். அடுத்து துதிக்கை வேண்டும். பட்டியலில் துதிக்கை இல்லை. நெருங்கியது டென்டக்கிள், அதாவது ஆக்டோபஸுக்கு இருப்பதுபோன்ற நீள்கரம். விலை 1 புள்ளி. அது இரண்டாம்தரத் தாக்குதல் என்பதால் தாக்கும் பகடையில் 5 குறையும், வலிமையின் பயனும் பாதிதான் சேரும். துதிக்கையால் அடித்தால் மட்டும் போதுமா, வளைத்துப் பிடிக்க வேண்டாமா? பிடிக்கும் திறனுக்கு 2 புள்ளி. மூன்று புள்ளியும் தீர்ந்தது. இப்போது நுணுக்கமான வரி ஒன்று குறுக்கே வருகிறது: தன்னைவிட ஓர் அளவாவது சிறிய உயிரைத்தான் பிடிக்க முடியும். நம் யாளி நடுத்தர அளவு; மனிதரும் நடுத்தர அளவு. ஆக, இந்த யாளி கோப்ளின் போன்ற குட்டி எதிரியைப் பிடிக்கும். ஒரு கொள்ளைக்காரனைப் பிடிக்காது. உடல் பெரிதாக 4 புள்ளி வேண்டும், அதுவும் சம்மனர் 8ஆம் லெவலைத் தொட்ட பிறகு.

பக்கத்தில் உட்கார்ந்தவர் உருவத்தைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. எண்களை மட்டும் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே நான்குகாலி வடிவம். நகங்களுக்கு 1 புள்ளி, பாய்ந்து தாக்கும் திறனுக்கு 1, தோல் தடிப்புக்கு 1. பாய்ந்து வந்த அதே முறையில் ஒரு கடி, இரண்டு நகக்கீறல் என்று மூன்று தாக்குதலும் முழு வலிமையோடு. விலை அதே மூன்று புள்ளி. ஒருவர் தன் ஊர்க் கோயில் தூணை நினைத்துச் செலவழித்தார். இன்னொருவர் பட்டியலின் சரிவுகளை அறிந்து செலவழித்தார். முதல் சண்டையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். யாளியைக் கனவு கண்டவர் அந்தக் கனவுக்காகத் தண்டனை பெறுகிறார். இதை நான் இந்த விதித்தொகுதியின் ஆழமான குறையாகப் பார்க்கிறேன். உருவமும் பலமும் ஒரே பையிலிருந்து வாங்கப்படும்போது உருவம்தான் எப்போதும் தோற்கிறது.

இதன் மேல் இன்னும் பல அடுக்குகள். ஒரு லெவலில் எத்தனை இயற்கைத் தாக்குதல் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு: தொடக்கத்தில் 3, கடைசியில் 7. ஆயுதத் தாக்குதல்கள் இந்த வரம்பில் சேராது. எனவே கைகளைப் பெருக்கி ஆயுதம் கொடுத்துவிட்டால் வரம்பு பொருளிழக்கும். ஆயுதத்தோடு கடியையும் நகத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அவை இரண்டாம்தரமாகிவிடும் என்பதோ வேறொரு நூலில், வேறொரு அத்தியாயத்தில் இருந்தது. லெவல் கூடும் ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளையும் திரும்ப எடுத்து வேறு விதமாகச் செலவழிக்கலாம். சண்டை நடுவிலேயே புதிய உறுப்பு முளைக்கச் செய்யும் மந்திரங்களும் உண்டு. ஒரு மாதம் முன் கேம் மாஸ்டர் சரிபார்த்த தாள் இன்று செல்லாது. சம்மனர் ஆடுபவர் பொய்க்கணக்கு எழுதவேண்டிய தேவையே இல்லை; நேர்மையாகக் கூட்டினாலும் எங்காவது ஒரு வரி விடுபட்டுவிடும். அது ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்டால் அதன்பின் மேசையில் அவர்மேல் ஒரு சந்தேகம் படிந்துவிடும். நண்பர்கள் கூடும் ஆட்டத்தில் இது சிறிய இழப்பல்ல.

திருத்தமும் அதன் விலையும்

2011இல் வந்த ‘அல்டிமேட் மேஜிக்’ நூல் சிக்கலை இன்னும் முறுக்கியது. அதிலுள்ள சிந்தசிஸ்ட் என்ற கிளைவகையில் சம்மனர் ஐடோலனைக் கவசம்போல் அணிந்துகொள்கிறார். வலிமை, வேகம், உடலுறுதி மூன்றும் ஐடோலனுடையவை. அறிவு, விவேகம், ஆளுமை தன்னுடையவை. ஐடோலனின் உயிர்ப்புள்ளிகள் மேலே தற்காலிகமாகச் சேரும். இரண்டாவது முறை இல்லை என்பதால் நேரச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஓர் உடலுக்குள் இரண்டு உயிர்கள் இருக்கும்போது எந்த விதி யாருக்கு என்ற கேள்வி வெடித்தது. போட்ட கவசம் என்ன ஆகும்? ஐடோலன் மட்டும் வீழ்ந்தால் உள்ளே இருப்பவர் எந்த நிலையில் இருப்பார்? உலகெங்கும் ஒரே விதியோடு ஆடும் ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’ அமைப்பு இந்தக் கிளைவகையைத் தன் ஆட்டங்களில் தடைசெய்தது. முன்பின் அறியாதவர்கள் ஒரு மேசையில் சேரும் இடத்தில், ஒவ்வொருவரும் தத்தம் தீர்ப்போடு வர முடியாது என்பதே அதன் பொருள்.

2015இல் ‘பாத்ஃபைண்டர் அன்செயின்டு’ சம்மனரையே திரும்ப எழுதியது. புள்ளிகளைக் குறைத்தார்கள். ஐடோலன் இன்னின்ன குலத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்றார்கள்: தேவதூதர், அசுரர், பூதம் என்று வரையறுத்த குலங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தீர்மானித்த திறன்கள். கணக்கு தெளிவானது, சமநிலை மேம்பட்டது. ஆனால் அந்தக் குலங்கள் அந்த ஆட்டத்தின் உலகவியலிலிருந்து வந்தவை. நன்மை, தீமை, ஒழுங்கு, குழப்பம் என்ற கட்டங்களில் அடுக்கப்பட்டவை. நம் யாளியை எந்தக் கட்டத்தில் வைப்பது? விலங்கு வடிவ நல்லுயிர்களுக்கென்று இருக்கும் குலத்தில் எப்படியோ அடக்கிவிடலாம். ஆனால் கோயிலைக் காக்கும், பார்ப்பவரை நடுங்கவும் வைக்கும் ஓர் உயிருக்கு ‘நல்லது’ என்ற முத்திரை போதாது. தெளிவுக்காகக் கொடுத்த விலையில் பெரும்பங்கு, அந்த உலகவியலுக்கு வெளியே கற்பனை செய்பவர்களின் கணக்கில் விழுந்தது.

எட்டு ஓநாய்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வேறு பாதையில் போய் வேறு குழியில் விழுந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ‘கான்ஜூர் அனிமல்ஸ்’ என்ற மந்திரம், பலமான ஒரு விலங்கையோ, பலம் குறையக் குறைய இரண்டு, நான்கு, எட்டு விலங்குகளையோ வரவழைக்கும். எத்தனை என்பதை ஆடுபவர் முடிவுசெய்கிறார். எந்த விலங்கு என்பதை? மந்திரக் குறிப்பு அதை நேராகச் சொல்லவில்லை; விலங்கின் எண்கள் கேம் மாஸ்டரிடம் இருக்கும் என்று மட்டும் இருந்தது. பின்னர் வந்த அதிகாரபூர்வ விளக்கம், விலங்கைத் தேர்வது கேம் மாஸ்டர் என்றது. அதற்குள் பல மேசைகளில் ஆடுபவரே தேர்வது பழக்கமாகிவிட்டது.

எட்டு ஓநாய்கள் வந்தால் என்ன நடக்கும் என்று கணக்கிடுங்கள். நண்பன் பக்கத்தில் இருந்தால் ஓநாய்க்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை உண்டு. ஆக ஒரு சுற்றுக்கு 16 இருபதுமுகப் பகடைகள். பட்ட ஒவ்வொரு கடிக்கும் சேதக் கணக்கு. அதன்பின், கடிபட்டவர் கீழே விழுகிறாரா என்று எதிராளியின் பகடை வேறு. இதெல்லாம் முடியும்வரை மந்திரவாதி அல்லாத மூன்று பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். எதிர்த்திசையிலும் அதே பதிப்பு தவறியது. விலங்குத் துணையுள்ள ரேஞ்சர் என்ற பாத்திரவகை, தன் முறைக்குரிய ஆக்‌ஷனைச் செலவழித்து ஆணையிட்டால்தான் விலங்கு தாக்கும் என்று விதித்தார்கள். இரண்டாவது முறை கிடைக்காது. அதனால் துணை இருந்தும் இல்லாததுபோல் ஆனது. ஒரு மந்திரம் மேசையின் நேரத்தை வாரிக் கொடுத்தது. ஒரு பாத்திரவகை துளிகூடக் கொடுக்க மறுத்தது.

2020 நவம்பரில் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலின் மந்திரங்கள்தான் முதல் நல்ல தீர்வு என்பது என் கணிப்பு. ‘சம்மன் பீஸ்ட்’ ஒரே ஓர் உயிரைத் தருகிறது. வானம், நிலம், நீர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். அந்தச் சூழலுக்குரிய எந்த விலங்கின் தோற்றத்தையும் கொடுக்கலாம். எண்கள் மந்திரக் குறிப்பின் கீழேயே அச்சாகியிருக்கின்றன. மந்திரத்தின் லெவலோடு பாதுகாப்பும் உயிர்ப்புள்ளியும் ஏறும். அந்த லெவலில் பாதி எத்தனையோ அத்தனை தாக்குதல். எஜமானர் முறை முடிந்த உடனே அது ஆடும். வாயால் சொன்னால் போதும். ஒன்றும் சொல்லாவிட்டால் தன்னைக் காத்துக்கொண்டு நிற்கும். யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பக்கத்தில் விடை. 2024இன் புதிய விதிநூல் இன்னும் தூரம் போனது. பழைய ‘கான்ஜூர் அனிமல்ஸ்’ மந்திரத்தில் தனித்தனி விலங்குகளே இல்லாமல், மேசையில் நகரும் ஆவிக்கூட்டமாக அதை மாற்றிவிட்டது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தது. அதன் சம்மனர் 2021இல் ‘சீக்ரெட்ஸ் ஆஃப் மேஜிக்’ நூலில் வந்தார். இங்கே சம்மனருக்கும் ஐடோலனுக்கும் ஒரே உயிர்ப்புள்ளித் தொகுப்பு. ஒரு சுற்றின் ஆக்‌ஷன்களும் இருவருக்கும் பொது. இருவரும் சேர்ந்து இயங்கும் சிறப்பு விதியால் சுற்றுக்கு ஒருமுறை சற்றே கூடுதல் கிடைக்கும். ஒரே நெருப்பு இருவர்மேலும் பட்டால் சேதம் இருமுறை இறங்காது. தாக்கும் உறுப்பு கொம்பா, வாலா, பல்லா என்பதை ஆடுபவர் சொல்கிறார். எண்களை வகுத்துவைத்த சில வரிசைகளிலிருந்து எடுக்கிறார். துதிக்கைக்குத் தனி விலை இல்லை. பதினோரு ஆண்டு அனுபவத்தின் சாரம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது: உருவம் ஆடுபவருக்கு, பலம் நூலுக்கு, நேரம் மேசைக்கு.

மைசூர் அரண்மனையின் சீட்டுகள்

விதிகளின் செழிப்பு ஓர் ஆட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு பெங்களூருக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை ஆட்டங்களிலும் சீட்டாட்டங்களிலும் மூழ்கியவர். அவர் உருவாக்கிய ‘ஸ்ரீதத்துவநிதி’ என்ற பெரும் தொகுப்பின் கௌதுகநிதிப் பகுதி, சத் எனப்படும் மைசூர் கஞ்சிஃபா சீட்டாட்டங்களை விவரிக்கிறது. தெய்வங்களும் கிரகங்களும் வாகனங்களும் தீட்டிய சீட்டுகள். மிகப் பெரிய கட்டுகளில் 18 குலங்கள், 360 சீட்டுகள் வரை. ஓவியமாக அவை ஒப்பற்றவை. ஆனால் அந்த ஆட்டங்கள் அரண்மனை வட்டத்துக்கு வெளியே பரவவில்லை. சிறிய கட்டுகளில் ஆடிய எளிய கஞ்சிஃபா வேறு பகுதிகளில் நெடுநாள் மக்களிடம் புழங்கியது. சொல்லித்தர ஒருவர் பக்கத்தில் இருக்கும்வரைதான் சிக்கலான விதி உயிரோடு இருக்கும். அவர் எழுந்துபோனால் மிஞ்சுவது அழகான சீட்டு மட்டும்.

2010இன் ஐடோலனும் அத்தகைய செழிப்பின் படைப்பே. அதை நன்றாக அறிந்த ஒருவர் மேசையில் இருந்தால் அது அருமையாக இயங்கும். பெங்களூர் மேசைகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. வேலை மாறி ஆட்கள் வருவார்கள், போவார்கள். இறக்குமதி நூல்கள் விலை அதிகம் என்பதால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் விதித்தளங்களையே கைப்பேசியில் தேடிப் படிக்கிறோம். அங்கே 2010இன் எவல்யூஷனும் 2015இன் திருத்தமும் ஒரே தேடலில் அடுத்தடுத்து வரும். ஒருவர் பழைய சம்மனரை வைத்துக் கணக்கிட, கேம் மாஸ்டர் புதியதை வைத்துச் சரிபார்க்க, இரண்டு பேரும் நூலைக் காட்டியே வாதிடுவார்கள். இருவரும் சரி, ஆட்டம் மட்டும் நகராது.

மேசைக்கு வருமுன் தீர்க்கவேண்டியவை

எந்த ஆட்டமானாலும் ஏவல் உயிரின் தாளில் முதல் வரியாக நூலின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். மேலே சொன்ன வாதத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

அடுத்து, மூன்று கேள்விக்கான விடையை ஆடுபவரும் கேம் மாஸ்டரும் சேர்ந்து எழுதிக்கொள்ளட்டும். உடலை யார் தேர்கிறார், எதுவரை மாற்றலாம்? அது எப்போது ஆடும், யாருடைய முறையைச் செலவழித்து ஆடும்? எப்போது போகும், போனால் எஜமானருக்கு என்ன இழப்பு? விதிநூல் விடை தந்திருந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள். தராவிட்டால் நீங்களே ஒன்றை முடிவுசெய்யுங்கள். ஆட்டத்துக்கு முன் எடுத்த முடிவு நடுவில் எடுத்ததைவிட நியாயமாக இருக்கும். அப்போது யாருடைய பாத்திரமும் சாகும் நிலையில் இருக்காது.

மூன்றாவது, உருவத்தைப் புள்ளிப்பையிலிருந்து விடுவியுங்கள். பழைய பாத்ஃபைண்டர் ஆடும் மேசைகளிலும் இதைச் செய்யலாம். பலத்துக்கு எளிதான எவல்யூஷன்களை எடுத்து எண்களை முடித்துவிடுங்கள். அந்த எண்களுக்கு எந்த உறுப்பு என்று பெயரிடும் உரிமையை ஆடுபவருக்குக் கொடுங்கள். இரண்டு நகக்கீறல்களில் ஒன்றைத் துதிக்கையின் வீச்சு என்று சொல்வதால் எந்தச் சமநிலையும் குலையாது.

அப்படியானால் துதிக்கைக்கும் நகத்துக்கும் வித்தியாசமே இல்லையா, எல்லா உயிரும் ஒரே எண்ணின் மேல் போர்த்திய துணிதானா என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. 2020க்குப் பிந்தைய விதிகள்மேல் எனக்கும் உள்ள வருத்தம் இதுவே. ‘சம்மன் பீஸ்ட்’ உயிரின் நிலத்தாக்குதல் யானைக்கும் எலிக்கும் ஒன்றுதான். ஆனால் உருவம் பொருள்பட வேண்டிய இடம் சண்டைக் கணக்கு மட்டுமல்ல. கிணற்றில் விழுந்த சிறுவனைத் துதிக்கை உள்ள யாளி தூக்கிவிடும். நகம் மட்டும் உள்ள புலியால் முடியாது. மதில்மேல் இருக்கும் சாவிக்கொத்தையும் யாளி எடுக்கும். ஊர்க்காவலர் யாளியைக் கண்டு கும்பிடக்கூடும், புலியைக் கண்டால் ஓடுவார்கள். இதற்கெல்லாம் புள்ளி வேண்டாம், பட்டியல் வேண்டாம். கேம் மாஸ்டரின் ஒரு தலையசைப்பு போதும். சண்டைக்கு வெளியே உருவத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கும் மேசையில், சண்டைக்குள் எண்கள் எளிமையாக இருப்பதால் யாரும் எதையும் இழப்பதில்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் ஊர்களில் இந்த ஆட்டங்களை ஆடுபவர்கள் இன்று பிறர் எழுதிய உலகங்களில் ஆடுகிறார்கள். நாளை தமிழிலும் கன்னடத்திலும் நமக்கான விதிநூல்களை எழுதுவார்கள். யாளியும் வேதாளமும் அவற்றில் இடம்பெறும். அவர்கள் எழுதும் முதல் வரைவில் புள்ளிப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். வடிவமைப்பவருக்கு அதில் இருக்கும் இன்பம் பெரிது. மைசூர் மன்னருக்கும் அந்த இன்பம் இருந்திருக்கும். அந்த நூலை எழுத உட்காருபவர், யாளிக்கு எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், அது யாருடைய முறையில் ஆடுகிறது என்று முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.